பெறுநர் யாரு?

எதைக் கேட்டாலும் அந்த அக்காவிடமிருந்து முதலில் பதில் வராது. "பெறுநர் யாரு?" என்ற கேள்விதான் வரும்.

திண்டுக்கல்லில் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் அவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், காற்றைத் தவிர மற்றதெல்லாம் தருகிற ஒரு மின்விசிறி. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், எந்த மனுவானாலும் அங்கே டைப் அடித்து வாங்கலாம். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவர் சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிப் பிழைப்பவன். ஆதார் நகல் எடுக்க வாரத்தில் நாலு நாள் அங்கே நிற்பேன். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். என் ஜோக்குக்கு ஊரே சிரிக்கும். அவர் மட்டும் மெஷினில் தாள் சிக்கியதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

அடுத்த கடை ஒரு பாயுடையது. தோல் பெல்ட், பர்ஸ், கைப்பை. அவருக்கும் எனக்கும் ஒரே வயது. என்னைப் பார்த்தால், "என்ன மாப்ள, பெல்ட்டுல இன்னொரு ஓட்ட போடணுமா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்பார். அந்த 'மாப்ள'யை அப்போது நான் காற்று மாதிரி சும்மா வாங்கிக்கொண்டிருந்தேன்.

மனு போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. இதில் பார்வை என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த இடத்தில் 'கண்ணாடி போட்டால் நன்றாக உள்ளது' என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் என்ன நடந்தது, எதற்குப் பதிலாக இது எழுதப்படுகிறது என்று காட்டுவதுதான் பார்வை. அக்கா பைபிளையும் இந்த நாலு கட்டத்துக்குள் போட்டுத்தான் வாசிப்பார். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எதைப்பற்றி, அதற்கு முன்னால் என்ன நடந்தது. நாலும் நிரம்பாமல் ஒரு வசனத்துக்கும் அர்த்தம் சொல்லமாட்டார்.

அவருடைய பைபிளே ஒரு வேடிக்கை. கண் மங்க ஆரம்பித்ததும், பக்கம் பக்கமாகப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஏழெட்டுக் கட்டுகளாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அட்டை இல்லை, முதல் பக்கம் இல்லை. சில கட்டுகள் எங்கள் ஆர்.சி. மொழிபெயர்ப்பு, சில கட்டுகள் பிராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு. எது கையில் கிடைத்ததோ அதை எடுத்திருக்கிறார். அவர் எந்தச் சபை என்று கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழம எந்தக் கோயிலுக்குக்கா போவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ எந்தக் கோயிலுக்குப் போற?"

"நான் கிறிஸ்மஸுக்கு மட்டுந்தான்."

"பெறகு ஒனக்கெதுக்கு என் வெலாசம்?"

ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். வாய்க்கால் தகராறு. மனு டைப் அடித்துக் கையில் கொடுத்த பிறகும் எழுந்திருக்காமல் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் என்னண்ணே?"

"எம் மகன் கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டான்த்தா. அது அவென் இஷ்டம். ஆனா ஆத்தா அப்பன வெறுத்தாத்தேன் அங்க சேத்துக்குவாகளாம்ல? பக்கத்துத் தோட்டத்துக்காரன் புத்தகத்தக் கொண்டாந்து காட்டுனான். அச்சுலயே இருக்கு."

அக்கா ஒரு கட்டை உருவினார். "யாருகிட்டச் சொன்னதுன்னு காட்டுனாரா?"

"இல்லத்தா. அந்த ஒத்த வரியத்தேன் காட்டுனான்."

"பெருங்கூட்டம் ஆண்டவரு பின்னாலயே வருது. தேரோட்டம் பாக்கப் போற மாதிரி வருது. இவரு திரும்பிப் பாக்குறாரு. இதுல எத்தன பேரு கடேசிவரைக்கும் வருவான்னு அவருக்குச் சந்தேகம். அப்பச் சொன்னது இது. வீட்டுல தடுத்தாலும் நிப்பியான்னு கேக்குறாரு. ஆத்தாளப் பட்டினி போட்டுட்டு வான்னு சொல்லல."

விவசாயியின் முகம் தெளியவில்லை. "அப்ப வெறுப்பானா, மாட்டானா? அதச் சொல்லு."

"இன்னிக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"அவென்தேன் வண்டியில கொண்டாந்து விட்டான். வெளிய நிக்கிறான்."

"இந்த வெயில்லயா?"

"ஆமா."

"மனு தள்ளுபடி. போயிட்டு வாங்கண்ணே."

அப்படித்தான் அவர் பேசுவார். பாதிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து அசல் என்று சொல்லாதே என்பார். ஆனால் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். பதில் தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதி, 'நிலுவை' என்று மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டைக் கோப்பில் போட்டுவிடுவார். அது ஒரு ஜாண் உயரம் இருந்தது. தெரியாது என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. அந்தக் கோப்பைப் பார்த்தால் நான்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். கடவுளிடமே இம்புட்டு வேலை நிலுவையில் கிடந்தால் நம்மைப் போன்றவர்கள் கதி என்ன?

என் கதிக்கு வருகிறேன்.

கொரோனா வந்தது. ஊரடங்கு. தமிழ்நாடே துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நடை நின்றுபோனதால் வாய் மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் அதில் எழுதினேன்: 'எல்லாரும் ஆவி பிடியுங்கள். கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவி பிடியுங்கள், மஞ்சளும் நொச்சியும் மிச்சம்.' சிரிப்புப் பொம்மைகள் மழையாய்க் கொட்டின. அந்தக் குஷியில் இன்னொன்றும் எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல். தலையில் போர்வை, முன்னால் கொதிக்கிற பானை. அடுத்த அறையில் மனைவி ஃபோனில் யாரோ ஒரு போதகரின் பேச்சைச் சத்தமாக வைத்திருந்தாள். எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, ஒன்றைத் தவிர, என்றார் அவர். பரிசுத்த ஆவியைப் பழித்தவனுக்கு இம்மையிலும் இல்லை, மறுமையிலும் இல்லை. போர்வைக்குள் நானும் ஆவியும் மட்டும்தான் இருந்தோம்.

அதற்குப் பிறகு என் காய்ச்சல் தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை. பயம்தான் நூற்றாறில் நின்றது. விரலில் மாட்டுகிற கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றேழு என்று காட்டியது. பாவம் எத்தனை என்று காட்டுகிற கருவியை எந்த மருந்துக் கடையிலும் விற்கவில்லை. சோறு இறங்கவில்லை. "என்னங்க செய்யுது?" என்று மனைவி கேட்டால் "ருசி தெரியல" என்று சொல்லித் தப்பித்தேன். அது கொரோனா அறிகுறி என்று அவள் அழ ஆரம்பித்தாள். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஊரே கும்பிட்டு வாங்குகிற அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கடைகளைக் காலையில் கொஞ்ச நேரம் திறக்க விட்டபோது ஓடினேன். அக்கா பாதி ஷட்டருக்குக் கீழே முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே, போர்வைக்குள் யோசித்து வைத்திருந்த சட்டப் பாயிண்டையும் எடுத்துவிட்டேன்.

"அக்கா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பத்தான் எங்க கோயில்ல பரிசுத்த ஆவி. இப்பத் தூய ஆவியார்னு மாத்திட்டாங்க. நான் கேலி பண்ணுனது பழைய பேரத்தான. அது செல்லாதுல்ல?"

"பேர மாத்துனா பழைய பேர்ல வந்த நோட்டீஸு செல்லாதா? கெஜட்டுல போட்டாலும் ஆளு ஒண்ணுதாண்டா." ஒரு கட்டை எடுத்துப் பக்கம் புரட்டி என் பக்கம் தள்ளினார். "பெறுநர் யாரு?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா? நீ அப்பப் பொறந்திருந்தியா? மேலருந்து படி."

படித்தேன். ஆண்டவர் பேய் பிடித்தவர்களைக் குணமாக்கிக்கொண்டிருக்கிறார். சாப்பிடக்கூட நேரமில்லாத கூட்டம். எருசலேமிலிருந்து படித்த பெரிய மனிதர்கள் இறங்கி வருகிறார்கள். பார்க்கிறார்கள். இது பேய்களின் தலைவனோடு சேர்ந்து செய்கிற வேலை என்கிறார்கள்.

"இதான் பார்வை. இப்பச் சொல்லு, யாருகிட்டப் பேசுறாரு?"

"அந்தப் படிச்சவங்ககிட்ட."

"நீ பயந்து சாகுற அந்த வரிக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு பாரு. எதுக்காக அப்படிச் சொன்னாருன்னு அதுலயே போட்டிருக்கு. அத எவனும் படிக்கிறதில்ல."

இருந்தது. அவரை அசுத்த ஆவி பிடித்தவன் என்று அவர்கள் சொன்னதால்தான் அப்படிச் சொன்னாராம்.

"கண்ணு முன்னால ஒருத்தன் நல்லது பண்றான். அது நல்லதுன்னு இவங்களுக்கும் தெரியுது. தெரிஞ்சே பேயோட வேலைன்னு ஊருக்குச் சொல்றாங்க. அதான் விஷயம். நீ இட்லிப்பானையப் பாத்து என்னமோ ஒளறுனதுக்கு வானத்துல கோர்ட்டு வைக்க மாட்டாங்க. நல்லது செஞ்சவன் எவனையாச்சும் பேய்னு சொன்னியா? இல்லேல்ல? போ. போயிச் சாப்புடு."

நான் போகவில்லை. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா?"

அந்த இன்னொரு ஜோக் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களைப் பக்கத்துக் கடை பாயும் அவருடைய நண்பர்கள் மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப்போய் அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்கவில்லை. குரூப்பில் யாரோ அதைப் புகழ்ந்து எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான் எழுதியது: 'தோல் யாவாரி பொணத்தச் சும்மா தூக்குவாரா? உள்ள எத்தன பெல்ட் தேறும்னு அவருக்குத்தான் தெரியும்.'

அதை அக்காவிடம் சொன்னேன். என் வாயால் கேட்கும்போது அது ஜோக்காகவே இல்லை. அக்கா கட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

"பெறுநர் பக்கத்துக் கடைலதான் இருக்காரு," என்றார்.

"அக்கா, கடவுள்கிட்டக் கேட்டாப் போதாதா? நேரா மேல."

"கலெக்டருக்கு நேரா மனுப் போடுறாங்கல்ல, அவரு என்ன பண்ணுவாரு? 'தக்க நடவடிக்கைக்கு'ன்னு எழுதித் தாசில்தாருக்குத்தான் அனுப்புவாரு. சுத்தி இங்கதான் வரும். போ."

பாய் கடைக்குள் கையுறைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வா மாப்ள, என்ன இளைச்சுட்ட? பெல்ட்டுல உள்பக்கம் ஓட்ட போடணும் போலயே," என்றார். அவர் கண்ணுக்குக் கீழே முகக்கவசத்தின் தழும்பு. நான் சொன்னேன். ஃபோனை எடுத்துக் காட்டவும் செய்தேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. அந்தக் குரூப்பில் அவர் இல்லை. நான் போய்ச் சொன்னதால்தான் தெரிந்தது. இதைப் பற்றி அக்கா எனக்கு எச்சரிக்கை எதுவும் தரவில்லை.

பாய் ஃபோனைக் கிட்டத்தில் வைத்து வாசித்தார். மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு சிரிச்சிருக்காங்க," என்றார்.

"பாய், என்ன மன்னிச்சிருங்க."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். ஃபோனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கிருமிக்காகத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "சார்னு கூப்புட்டாருக்கா."

"அப்ப நிலுவை," என்று அக்கா ஒரு தாளை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. அந்த அட்டைக் கோப்பில் போட்டார்.

சிரித்தவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றியது. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் ஜோக்காகவே வந்து விழுந்தது. நாற்பது வருடப் பழக்கம், கை கேட்கவில்லை. கடைசியில் அக்காதான் டைப் அடித்துத் தந்தார். அனுப்புநர் நான், பெறுநர் குரூப் உறுப்பினர்கள், பொருள் தவறாக எழுதியதற்கு வருத்தம், பார்வை இன்ன தேதியிட்ட என் செய்தி. குரூப்பில் போட்டேன். போட்ட நிமிடத்திலேயே சிரிப்புப் பொம்மைகள். 'மனு சூப்பர் தலைவா' என்றார் ஒருவர். 'பார்வை செம' என்றார் இன்னொருவர். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று எழுதினேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

அக்காவிடம் ஓடினேன். "நம்ப மாட்டேங்கிறாங்கக்கா."

"அதான் ஒன் கஷ்டம். ஒன் கையெழுத்தே இளிச்சுக்கிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் ஊரடங்கு தளர்ந்தது, கடைகள் முழு ஷட்டரும் திறந்தன. நான் பாய் கடையில் இரண்டு பெல்ட், ஒரு பர்ஸ், மனைவிக்குக் கைப்பை எல்லாம் வாங்கினேன். "வாங்க சார். பில்லு வேணுமா சார்?" பேச்சில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. ஜெராக்ஸ் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். "நிலுவை," என்று சொல்லி மெஷினை அழுத்துவார். எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிற நாட்கள் இருந்தன. கேட்டால், "பயம் இருக்குல்ல? இருக்கட்டும். பயமே இல்லாதவன்தான் அந்த எருசலேம்காரன்," என்பார். ஆறுதலா, மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது அலை அக்காவைக் கொண்டுபோனது. ஐந்து நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அவருக்கு ஓட்டன்சத்திரம் பக்கம் ஒரு தங்கை மட்டும்தான். ஃபோன் போட்டேன். அவர்கள் வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல். "ஏனுங்க, அக்கா மட்டுந்தானுங்க மதம் மாறுனது. எந்தக் கோயல்னு எங்களுக்குச் சொன்னதேயில்லீங்க," என்று அந்த அம்மா அழுதார். எந்தக் கோயில் என்று தெரியாதபோது எந்தச் சாமியாரை, எந்தப் பாஸ்டரைக் கூப்பிடுவது?

அப்போது பாய் அழைத்தார். "சார், எங்காளுகள்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல். கயிறு பிடிக்க ஒரு ஆளு குறையுது. அக்காவுக்குத்தான். வருவீங்களா?"

நான் வீரன் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் வாந்தி எடுத்தேன். பிறகு போனேன்.

நடுப்பகல். ஊருக்கு வெளியே பொட்டல், ஒரு பக்கம் கருவேலம். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, இரண்டு கையுறை, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு. உள்ளே வியர்வை ஓடைபோல் இறங்கியது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் கிருமி உள்ளே போவதாகத் தோன்றியது. நாலு மூலைக்கு நாலு பேர், உடலுக்குக் கீழே இரண்டு கயிறு. எனக்கு எதிரே பாய்.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல கிறிஸ்தவர்னு போட்டிருக்கு," என்றார். "எங்களுக்குத் தெரிஞ்சத ஓதுனா அக்கா ஒத்துக்காது, பெறுநர் யாருன்னு கேக்கும். உங்காளுங்க என்ன சொல்வாங்களோ நீங்க சொல்லுங்க. சொல்லச் சொல்ல எறக்குவோம்."

பூசையில் பின்வரிசையில் நின்று பழகியவன் நான். வாயைத் திறந்தேன். தந்தை, மகன் வரைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் நாக்கு நின்றது. அக்கா எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்? தூய ஆவியாரா, பரிசுத்த ஆவியா? தப்பான பெயருக்குப் போனால் மனு திரும்பிவிடுமே என்று அந்த இடத்திலும் பயந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, என் அப்பன் காலத்து இஸ்பிரீத்து சாந்து தொடங்கி மூன்று பெயரையும் சொன்னேன். ஒவ்வொன்றாக, நிறுத்தி, சத்தமாக. என் வாழ்க்கையில் சிரிப்பு வராமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிய மூச்செல்லாம் கண்ணாடித் தகட்டின் உள்பக்கம் படிந்து வெள்ளை பூத்துவிட்டது. குழி தெரியவில்லை, அக்கா தெரியவில்லை, எதிரே நின்ற ஆள் தெரியவில்லை. கையில் கயிற்றின் கனம் மட்டும் இருந்தது.

"பாய்," என்றேன், "எனக்கு ஒண்ணும் தெரியல. ஒரே ஆவியா இருக்கு."

"தெரிய வேணாம்," என்று எதிர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "கயித்த மட்டும் விட்டுறாத மாப்ள."